உஷா அக்காவுக்கு ஒரு பி.டி. டீச்சரின் திறந்த மடல்

அன்புள்ள உஷா அக்காவுக்கு,

இந்திய ஒலிம்பிக் சங்கத் தலைவர், மாநிலங்களவை உறுப்பினர் பி.டி. உஷா அவர்களுக்கு என்று முறையாகப் போட்டுத் தொடங்க வேண்டிய மடல் இது. ஆனால் நாற்பது வருஷமாக மனசுக்குள் 'உஷா அக்கா' என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன், இனிமேல் மாற்ற வராது. நான் ஒரு அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. பிள்ளைகள் வாயில் பி.டி. டீச்சர். எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு வருகிற சின்னப் பிள்ளைகள், உங்கள் பெயருக்கு முன்னால் இருக்கிற பி.டி.யும் நம் பி.டி. பீரியடும் ஒன்றுதான் என்று ரொம்ப காலம் நம்பிக்கொண்டிருந்தார்கள். நான் திருத்தவில்லை. நினைத்துவிட்டுப் போகட்டும், நல்லதுதானே என்று விட்டுவிட்டேன்.

தபாலில் போடாமல் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுவதற்குக் காரணம் உண்டு. கேட்கப்போவது உங்களிடம் மட்டும் இல்லை. உங்கள் செயற்குழுவில் இருப்பவர்கள், ஒவ்வொரு விளையாட்டையும் நடத்துகிற தேசிய சம்மேளனங்கள், அதற்குக் கீழே மாநிலச் சங்கம், மாவட்டச் சங்கம் என்று நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற எல்லோரிடமும்தான் கேட்கிறேன். அவர்களில் பலருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை, அதனால் உங்கள் பெயரைப் போட்டிருக்கிறேன்.

1984 ஆகஸ்டில் நான் பிளஸ் ஒன். எங்கள் பள்ளியில் தடை ஓட்டத்துக்கு ஆசாரி அடித்துக் கொடுத்த மரச் சட்டங்கள் இருந்தன. காலில் இடித்தால் சட்டம் விழாது, நாம்தான் விழுவோம். முழங்காலுக்குக் கீழே அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. ஸ்பைக்ஸ் கிடையாது, வெறுங்கால். சுண்ணாம்புக் கோடு, மழை பெய்தால் அதுவும் கிடையாது. அந்த மாதம்தான் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 400 மீட்டர் தடை ஓட்டம் முதன்முதலாக வைத்தார்கள். ஆண்களுக்கு 1900-இலேயே இருந்த ஓட்டம், பெண்களுக்கு வர 84 வருஷம் ஆகியிருக்கிறது என்பதெல்லாம் அன்று எனக்குத் தெரியாது. அரையிறுதியில் நீங்கள் முதலாவதாக வந்துவிட்டீர்கள் என்று தெரிந்ததும் எங்கள் டீச்சருக்குச் சோறு இறங்கவில்லை. இறுதி ஓட்டம் அங்கே ஆகஸ்ட் 8, நமக்கு 9 ஆகிவிட்டது. ரேடியோவில் நான்காவது என்று சொன்னார்கள். மொராக்கோவின் நவால் எல் முத்தவாக்கல் 54.61, அமெரிக்காவின் ஜூடி பிரவுன் 55.20, ருமேனியாவின் கிறிஸ்டியானா கோஜோகாரு 55.41, அப்புறம் நீங்கள், 55.42.

எங்கள் பள்ளி ஸ்டாப் வாட்ச் முள் வைத்தது. நொடியில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே அதற்குக் கணக்குத் தெரியாது. டீச்சர் அதைக் கையில் எடுத்து எங்களிடம் காட்டி, "இதில் பார்த்தால் ரெண்டு பேரும் ஒரே நேரம்டி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நாங்கள் பன்னிரண்டு பேர் வரிசையில் நின்றிருந்தோம், ஒருத்தியும் பேசவில்லை.

அதற்கப்புறம் பல வருஷம் கழித்து, அந்த ஒலிம்பிக்கில் நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒரு பேட்டியில் சொல்லியிருந்ததைப் படித்தேன். ஒலிம்பிக் கிராமத்தில் கிடைத்த சாப்பாடு உங்களுக்கு ஒத்துவரவில்லை, கஞ்சியும் ஊரிலிருந்து கொண்டுபோன மாங்காய் ஊறுகாயும்தான், அதனால் கடைசி மீட்டர்களில் தெம்பு இல்லாமல் போய்விட்டது என்று. அதைப் படித்த நாளிலிருந்து எனக்கு அந்த நூறில் ஒரு பங்கு நொடியின் மேல் கோபம் போய்விட்டது. கோபமெல்லாம் அந்த மேசையின் மேல் வந்துவிட்டது. அணியை அனுப்பத் திட்டம் போட்டவர்கள் உட்கார்ந்திருந்த மேசை. டிக்கெட் யோசித்தார்கள், கோட்டு சூட்டு யோசித்தார்கள், அணிவகுப்பில் கொடி யார் பிடிப்பது என்று யோசித்தார்கள். இருபது வயசுப் பெண், ஓட வேண்டியவள், என்ன சாப்பிடுவாள் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அந்த மேசையில் ஓடிப் பழகிய பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தால் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருந்திருக்கும்.

நிர்வாகம் என்றால் எனக்கு இதுதான். அதே நிர்வாகம் நல்லதும் செய்யும். 1976-இல் கேரள அரசு கண்ணூரில் பெண் பிள்ளைகளுக்கென்று விளையாட்டுப் பிரிவு தொடங்காமல் இருந்திருந்தால், அங்கே பயிற்சியாளர் நம்பியார் சார் கண்ணில் நீங்கள் படாமல் இருந்திருந்தால், பய்யோலியிலிருந்து நீங்கள் வெளியே வந்திருப்பீர்களா? யாரோ ஒருவர் ஒரு கோப்பில் கையெழுத்துப் போட்டார், ஒரு ஊர்ப் பெண்ணுக்குப் பாதை திறந்தது. எட்டு வருஷம் கழித்து வேறு யாரோ யோசிக்காமல் விட்டார்கள், பதக்கம் போனது. ஓடுகிற பெண்ணின் கால் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் அந்தக் கையெழுத்து.

அந்த ஓட்டத்தில் முதலாவதாக வந்தவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நவால் எல் முத்தவாக்கல், ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய முதல் ஆப்பிரிக்க முஸ்லிம் பெண். பதக்கத்தோடு வீட்டுக்குப் போய் உட்காரவில்லை. 1993-இல் காசாபிளாங்காவில் பெண்களுக்கென்றே ஒரு தெரு ஓட்டம் தொடங்கினார், இன்றைக்கு அதில் ஆயிரக்கணக்கில் ஓடுகிறார்கள், ஆயாவும் பேத்தியும் சேர்ந்து ஓடுகிறார்கள். 1998-இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி உறுப்பினர். 2012, 2016 ஒலிம்பிக்கை எந்த நகரத்துக்குக் கொடுக்கலாம் என்று பரிசீலித்த குழுக்களுக்குத் தலைவர். 2007-இலிருந்து 2009 வரை மொராக்கோவில் விளையாட்டு அமைச்சர். 2012-இல் கமிட்டியின் துணைத் தலைவர், 2024-இல் மறுபடியும் துணைத் தலைவர். ஒரே ஓட்டத்தில் முதலாவது வந்தவர் உலக மேசையில், நான்காவது வந்தவர் இந்திய மேசையில்! பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

2022 டிசம்பர் 10 அன்று நீங்கள் போட்டியின்றித் தலைவராகத் தேர்வானபோது பள்ளியில் சாக்லேட் வாங்கிக் கொடுத்தேன். 1927-இல் தொடங்கிய சங்கம், 95 வருஷத்தில் முதல் பெண் தலைவர். ராஜாக்கள் இருந்தார்கள், தொழிலதிபர்கள் இருந்தார்கள், அரசியல்வாதிகள் இருந்தார்கள். ஒலிம்பிக்கில் ஓடிய ஒரு பெண் அங்கே போய் உட்கார இவ்வளவு காலம். தென்னக ரயில்வேயில் வேலை பார்த்தவர் என்பதால் எங்களுக்கும் நீங்கள் கொஞ்சம் சொந்தம் என்று ஸ்டாஃப் ரூமில் பெருமையடித்துக்கொண்டோம்.

அதனால்தான் 2023 ஏப்ரலில் அவ்வளவு வலித்தது.

டெல்லி ஜந்தர் மந்தரில் வினேஷ் போகத், சாக்‌ஷி மாலிக் உட்பட மல்யுத்த வீராங்கனைகள் உட்கார்ந்திருந்தார்கள். தங்கள் சம்மேளனத் தலைவர் மேல் பாலியல் துன்புறுத்தல் புகார். ஜனவரியில் ஒரு முறை உட்கார்ந்தார்கள், கமிட்டி போடுகிறோம் என்றதும் எழுந்தார்கள், ஒன்றும் நகரவில்லை என்று ஏப்ரலில் மறுபடியும் வந்தார்கள். குற்றம் நடந்ததா இல்லையா என்பது கோர்ட் பார்க்க வேண்டியது, அதில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த நேரத்தில் நீங்கள் சொன்னது, தெருவில் உட்கார்வது ஒழுங்கீனம், நாட்டின் பெயருக்குக் கேடு என்கிற மாதிரி. அக்கா, அன்று டிவியில் அதைக் கேட்டபோது என் பக்கத்தில் பிளஸ் டூ படிக்கிற ஒரு பிள்ளை இருந்தாள், மாவட்ட அளவில் மல்யுத்தம் போடுகிறவள். அவள் என்னைப் பார்த்தாள். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. சில நாளில், மே 3-ஆம் தேதி, நீங்களே ஜந்தர் மந்தருக்குப் போய் அவர்களைப் பார்த்தீர்கள். போனதை மதிக்கிறேன். ஆனால் அந்த முதல் வார்த்தையை நீங்கள் வெளிப்படையாகத் திரும்ப எடுத்துக்கொண்டு, 'நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது' என்று ஒரு வரி சொல்லியிருந்தால், அந்தப் பிள்ளையிடம் நான் தலை நிமிர்ந்து பேசியிருப்பேன். இப்போதும் நேரம் போய்விடவில்லை.

தெருவில் உட்கார்வது எளிதான காரியமா? சாப்பாடு போகும், பயிற்சி போகும், எடை கூடும் குறையும், அடுத்த போட்டித் தேர்வு போகும். ஒரு பெண் அத்தனையும் போகட்டும் என்று வந்து உட்கார்கிறாள் என்றால் உள்ளே கதவு இல்லை என்று அர்த்தம். அந்த வருஷம் டிசம்பர் 21-ஆம் தேதி, சம்மேளனத் தேர்தல் முடிவு வந்த அன்றைக்கே சாக்‌ஷி தன் மல்யுத்த ஷூவைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு அழுதபடி எழுந்து போனாரே, ரியோவில் வெண்கலம் வாங்கியவர், அந்தப் படத்தை நான் பி.டி. ரூமில் ஒட்டவில்லை. ஒட்டினால் பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள், என்னிடம் பதில் இல்லை.

இனி என் கதை ஒன்று சொல்கிறேன், பெரிய கதை இல்லை. சில வருஷம் முன்பு ஒரு விளையாட்டுச் சங்கத்தின் மாவட்டக் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். எந்த விளையாட்டு, எந்த மாவட்டம் என்பதெல்லாம் வேண்டாம். பதினெட்டு பேர், பெண் நான் ஒருத்தி. மகளிர் பிரதிநிதி வேண்டும் என்று மேலிருந்து கடிதம் வந்திருந்ததாம். கதவுப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். முதல் அரை மணி நேரம் மாலை, சால்வை, நன்றியுரை. நான் எழுந்து, பெண் பிள்ளைகள் அணி வெளியூர் போகும்போது கூட ஒரு பெண் மேலாளர் கட்டாயம் போக வேண்டும், போட்டி நடக்கிற கிரவுண்டில் உடை மாற்ற மறைப்பும் கழிப்பறையும் இருக்கிறதா என்று முன்னாலேயே பார்த்துவிட்டுத்தான் தேதி குறிக்க வேண்டும் என்று சொன்னேன். "நல்ல கருத்து டீச்சர்" என்றார்கள். அடுத்து, "டீ வந்தாச்சான்னு கொஞ்சம் பாருங்களேன்" என்றார்கள். பார்த்தேன். டீ வந்திருந்தது. ஒரு மாதம் கழித்து தீர்மான நோட்டில் என் கையெழுத்து வாங்க ஆள் வந்தது. பக்கத்தைப் புரட்டினேன். நான் சொன்னது ஒரு வரிகூட இல்லை, 'மகளிர் பிரதிநிதி கலந்துகொண்டார்' என்று மட்டும் இருந்தது. பரிசளிப்பு விழாவுக்கு மறுபடி கூப்பிட்டார்கள், பதக்கத் தட்டு ஏந்த.

தட்டு ஏந்துவது கேவலம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கூட்டத்துக்கு முந்தின வாரம் நடந்த போட்டியில், கிரவுண்டு ஓரத்தில் நானும் இன்னொரு பள்ளி டீச்சரும் என் சேலையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்க, அதற்குள்ளே நின்று ஒன்பது பிள்ளைகள் ஜெர்சி மாற்றினார்கள். காற்று அடித்துக்கொண்டிருந்தது. ஒரு பிள்ளை, "டீச்சர் இறுக்கிப் பிடிங்க, டீச்சர் இறுக்கிப் பிடிங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். 100 மீட்டர் ஓட வேண்டியவள் அவள். ஸ்டார்ட்டிங் லைனில் நிற்கும்போது அவள் மனசில் என்ன ஓடியிருக்கும்? அதைத்தான் அந்தக் கூட்டத்தில் சொல்ல வந்தேன்.

சரி, இப்போது புதுச் சட்டம் வந்திருக்கிறது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம். தேசிய விளையாட்டு அமைப்புகளின் செயற்குழு 15 பேருக்கு மேல் போகக் கூடாது, அதில் குறைந்தது 4 பெண்கள், குறைந்தது 2 பேர் பெயர் பெற்ற விளையாட்டு வீரர்கள். பெண்களையும் சின்னப் பிள்ளைகளையும் காப்பாற்றப் பாதுகாப்புக் கொள்கை வேண்டும், புகார் கேட்க அமைப்புக்குள்ளேயே ஏற்பாடு வேண்டும் என்றும் இருக்கிறது. அதற்கு முன்பே 2022-இல் நீதிபதி நாகேஸ்வர ராவ் மேற்பார்வையில் உங்கள் சங்க விதிகளைத் திருத்தியபோது, பொதுக்குழுவுக்கு ஒவ்வொரு சம்மேளனமும் ஒரு ஆண், ஒரு பெண் என்று அனுப்ப வேண்டும் என்று ஆக்கினார்கள். இதையெல்லாம் படிக்கும்போது நிஜமாகவே சந்தோஷமாக இருக்கிறது. என் காலத்தில் கனவிலும் கிடையாது.

ஆனால் அக்கா, நாங்கள் தமிழ்நாட்டுக்காரர்கள், ஊராட்சித் தேர்தல் பார்த்தவர்கள். இங்கே உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. அருமையாக வேலை செய்கிற பெண் தலைவர்களை எனக்கே தெரியும், தண்ணீர்த் தொட்டியிலிருந்து சுடுகாட்டுப் பாதை வரை தானே நின்று போட்டவர்கள் இருக்கிறார்கள். இன்னொரு பக்கம், பலகையில் மனைவி பெயர், நாற்காலியில் வீட்டுக்காரர் என்பதும் ஊர் அறிந்த கதைதான். அந்த நான்கு இடங்களும் அப்படிப் போய்விடக் கூடாது என்பதுதான் என் பயம். செயலாளர் மனைவி, பொருளாளர் மகள், முன்னாள் தலைவர் மருமகள் என்று நிரப்பிவிட்டு, 'சட்டப்படி நாலு பேர் இருக்கிறார்கள்' என்று கணக்குக் காட்ட எவ்வளவு நேரம் ஆகும்? அந்தப் பெண்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர்களை உள்ளே கூட்டிவந்து வாயைத் திறக்க விடாமல் உட்கார வைப்பார்கள், அதுதான் வருத்தம்.

அதனால் நீங்கள் சம்மேளனங்களிடம் கேட்க வேண்டும், கடிதம் எழுதிக் கேட்க வேண்டும்: உங்கள் நான்கு பெண்களில் எத்தனை பேர் அந்த விளையாட்டை ஆடியவர்கள்? கூட்டத்தில் அவர்கள் என்ன சொன்னார்கள்? தீர்மான நோட்டில் அது இருக்கிறதா? அந்த நோட்டை எல்லோரும் பார்க்கிற மாதிரி வெளியிடச் சொல்லுங்கள். என் ஒரு வரி காணாமல் போன மாதிரி இன்னொருத்தி வரி காணாமல் போகக் கூடாது. கைக்குழந்தை வைத்திருக்கிற முன்னாள் வீராங்கனை டெல்லிக் கூட்டத்துக்கு எப்படி வருவாள் என்றும் யோசியுங்கள். பயணப்படி அவளுக்கு மட்டும் போதாது, குழந்தையைப் பார்த்துக்கொள்ளக் கூட வருகிற அம்மாவுக்கும் சேர்த்துக் கொடுங்கள். முப்பது வயசில் ஆட்டத்தை விட்டுவிட்டுக் குடும்பத்துக்குள் போன எத்தனையோ பேர் திரும்பி வருவார்கள். உங்கள் தடகளப் பள்ளியில் 800 மீட்டர் ஓட்டக்காரி டின்டு லூக்கா போன்றவர்களை வளர்த்தவர் நீங்கள். ஓட்டக்காரியை எப்படிப் பொறுக்கி எடுத்து வளர்ப்பது என்று தெரிந்த மாதிரி, நிர்வாகம் செய்யப்போகிற பெண்ணையும் பொறுக்கி எடுத்து வளர்க்கலாம்.

எங்கள் சாந்தியைப் பற்றிச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க எனக்கு மனசு வராது. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி, செங்கல் சூளையில் வேலை பார்த்த அப்பா அம்மா. 2006 டிசம்பரில் தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார் சாந்தி சௌந்தரராஜன். பாலினச் சோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பிடுங்கினார்கள், விஷயத்தை ஊர் உலகத்துக்கெல்லாம் தெரிய விட்டார்கள். அந்தப் பெண்ணின் உடம்பைப் பற்றி டீக்கடையில் பேசினார்கள், அக்கா. நான் காதால் கேட்டேன். அன்றைய முதல்வர் கலைஞர் அறிவித்தபடி 15 லட்சம் ரூபாய் கொடுத்தார், அது ஒன்றுதான் அவருக்குக் கிடைத்த மரியாதை. அவருக்காக ஒரு வக்கீலை வைத்து மேல்முறையீட்டுக்குப் போக நம் விளையாட்டு அமைப்புகளில் ஒன்றுகூட எழுந்திருக்கவில்லை. எட்டு வருஷம் கழித்து ஒடிசாவின் துத்தி சந்துக்கு இதே மாதிரி பிரச்சினை வந்தபோது இந்திய விளையாட்டு ஆணையம் துணை நின்றது, அவர் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் வரை போனார், ஆண் ஹார்மோன் அளவை வைத்துப் பெண்களைத் தடுத்த அந்த விதியையே 2015-இல் நிறுத்தி வைத்தார்கள். அதே நாடு, அதே ஓட்டக்களம். ஒருத்திக்குப் பின்னால் ஆள் இருந்தார்கள், இன்னொருத்திக்கு இல்லை. சாந்தி எழுந்து நின்றார், பயிற்சியாளர் ஆனார், இன்றைக்கு அவரிடம் பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள். அது அவருடைய மன உறுதி, அமைப்பு செய்த உதவி இல்லை.

இப்போது 2025 செப்டம்பரிலிருந்து உலகத் தடகள அமைப்பு, உலகச் சாம்பியன்ஷிப் போன்ற போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓட வேண்டுமென்றால் ஒரு முறை மரபணுச் சோதனை எடுக்க வேண்டும் என்று வைத்திருக்கிறது. அது சரியா தப்பா என்று டாக்டர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கட்டும். என் கேள்வி ஒன்றுதான். முடிவு வேறு மாதிரி வந்தால், பதினெட்டு வயசுக் கிராமத்துப் பெண்ணிடம் அதை யார் சொல்வார்கள்? அவள் மொழியில், ஒரு பெண் டாக்டர், கதவைச் சாத்திக்கொண்டு, அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்வாரா, இல்லை மறுபடியும் டிவியில் பார்த்துத் தெரிந்துகொள்வாளா? அந்தத் தாள் யார் கைக்குப் போகும், யார் கைக்குப் போகக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறீர்களா? வக்கீல் செலவு யாருடையது? இதற்கு இப்போதே ஏற்பாடு செய்ய உங்களால் முடியும். இன்னொரு சாந்தியை எங்களால் தாங்க முடியாது.

உங்கள் வேலை சுலபம் என்று நான் நினைக்கவில்லை. 2024 ஜனவரியில் தலைமைச் செயல் அலுவலர் நியமனத்தில் தொடங்கி, உங்கள் செயற்குழுவில் பெரும்பாலானவர்கள் ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம் என்று ஒன்றரை வருஷம் இழுத்தது, 2025 ஜூலையில்தான் முடிவுக்கு வந்தது. யார் பக்கம் நியாயம் என்று உள்ளே இல்லாத நான் சொல்ல முடியாது. ஆனால் அதைப் படிக்கும்போதெல்லாம் கதவுப் பக்கம் போட்ட அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி ஞாபகம் வந்தது. தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தாலும் பெண் தனியாகத்தான் உட்கார்ந்திருக்கிறாளோ என்று தோன்றியது. அதற்காகவும்தான் சொல்கிறேன், கூட ஆள் சேருங்கள். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 1894-இல் தொடங்கியது, 1981 வரை அதில் ஒரு பெண்கூட உறுப்பினர் இல்லை. அந்த வருஷம் பின்லாந்து ஓட்டக்காரி பிர்யோ ஹாக்மனும் வெனிசுவேலாவின் ஃப்ளோர் இசாவாவும் சேர்ந்தார்கள், இரண்டு பேர். அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள். 2025 மார்ச் 20 அன்று ஜிம்பாப்வேயின் நீச்சல் வீராங்கனை கிர்ஸ்டி கோவென்ட்ரி 97 ஓட்டில் 49 வாங்கி முதல் சுற்றிலேயே அதன் தலைவராகத் தேர்வானார். அன்று ஓட்டுப் போட்டவர்களில் அத்தனை பெண்கள் இல்லாமல் இருந்திருந்தால் இது நடந்திருக்குமா என்று யோசித்துப் பார்க்கிறேன்.

2030 காமன்வெல்த் போட்டி அகமதாபாத்துக்கு வந்துவிட்டது. 2036 ஒலிம்பிக்கும் வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். வரட்டும், நானும் கைதட்டுவேன். அதற்கு முன்னால் ஒன்று. 2023 மே மாதம் தேசிய மனித உரிமை ஆணையம் நோட்டீஸ் அனுப்பியதே, 30 தேசிய சம்மேளனங்களில் 15-இல் பாலியல் துன்புறுத்தல் புகாரைக் கேட்கச் சட்டப்படி இருக்க வேண்டிய உள்ளகப் புகார்க் குழு ஒழுங்காக இல்லை என்று பத்திரிகையில் வந்த செய்தியை வைத்து? இன்றைக்கு எத்தனையில் இருக்கிறது? குழுவில் யார் யார்? எந்த எண்ணுக்குப் போன் பண்ண வேண்டும்? அந்தப் பட்டியலைத் தமிழிலும் இந்தியிலும் மணிப்பூரியிலும், பிள்ளைகள் எந்தெந்த மொழி பேசுகிறார்களோ அத்தனையிலும் போட்டு வெளியிடுங்கள்.

இதை ஏன் கடைசியில் வைத்தேன் என்றால், சொல்ல எனக்குத் தைரியம் வர இவ்வளவு நீளம் எழுத வேண்டியிருந்தது. என்னிடம் ஒரு பிள்ளை இருந்தாள், நீளம் தாண்டுகிறவள். மணலில் விழுந்து எழுந்து திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள், அளந்து சொல்வதற்கு முன்பே எவ்வளவு தாண்டினோம் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். பத்து நாள் பயிற்சி முகாமுக்கு அனுப்பினேன். ஐந்தாம் நாளே ஊருக்கு வந்துவிட்டாள். கிரவுண்டுக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா வாசலிலேயே நின்று, "அங்கே ஒரு சார் சரியில்லையாம் டீச்சர். வேணாம், விட்ருங்க, நாளைக்கு இவளுக்குக் கல்யாணம் காட்சி இருக்கு" என்றார். நான் யாரிடம் போவது என்று எனக்குத் தெரியவில்லை. முகாம் நடத்தியவர்களிடமே சொல்வதா? அந்த சாரோடு சேர்ந்து டீ குடிக்கிறவர்களிடமா? ஒரு வாரம் தூங்கவில்லை, அப்புறம் அந்த அம்மாவின் பயத்துக்குக் கட்டுப்பட்டு நானும் பேசாமல் இருந்துவிட்டேன். அது என் தப்பு. அவள் அதற்கப்புறம் தாண்டவே இல்லை.

அன்று என் கையில் ஒரு எண் இருந்திருந்தால், மறுமுனையில் எடுத்துப் பேச ஒரு பெண் இருந்திருந்தால், பெயர் வெளியே போகாது என்று அந்த அம்மாவிடம் நான் சத்தியம் செய்து சொல்லியிருந்தால், ஒருவேளை வாசலிலிருந்து என்னை உள்ளே கூப்பிட்டிருப்பார்.

உங்கள் பதவிக்காலம் நான்கு வருஷம், 2022 டிசம்பரில் தொடங்கியது. மறுபடி வருவீர்களோ, வேறு ஒருவர் வருவாரோ, யார் வந்தாலும் இந்த மடல் அவருக்கும் சேர்த்துத்தான். அந்த எண்ணை மட்டும் அனுப்பிவையுங்கள். எங்கள் பள்ளியில் விளையாட்டுச் சாமான் அறைக்கு வெளிச்சுவர் வெள்ளையடித்துச் சும்மா இருக்கிறது, ஹர்டில்ஸ் எடுக்க வருகிற பிள்ளைகள் எல்லோரும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். பெயிண்டும் பிரஷும் வாங்கி வைத்திருக்கிறேன். என் கையாலேயே எழுதுகிறேன்.

அன்புடன்,
1984-இல் வெறுங்காலோடு அந்த ரேடியோவைக் கேட்டவள்,
இப்போது ஒரு பி.டி. டீச்சர்